பிரேக் குழாயை வீட்டிலேயே வெட்டிப் பொருத்தலாமா? தெரிந்துகொள்ள வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு முன்புறத்தில் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் இளையரைப் பார்க்காத தாமான் நம் நாட்டில் குறைவு. எண்ணெய் மாற்றுவது, சங்கிலியை இறுக்குவது, பிரேக் பேட் மாற்றுவது என்று தொடங்கும் பழக்கம், கொஞ்சம் கை தேறியதும் பிரேக் குழாயை மாற்றுவதில் வந்து நிற்கிறது. பளபளக்கும் எஃகுப் பின்னல் குழாயைத் தேவையான நீளத்துக்கு வெட்டி, முனைகளைத் தானே பொருத்திக்கொள்ளும் பொருள்கள் இப்போது உதிரிபாகக் கடைகளிலும் இணையத்திலும் எளிதாகக் கிடைக்கின்றன.

வேலை பார்ப்பதற்குச் சுலபமாகவே தெரியும். வெட்டுவதற்கு ஐந்து நிமிடம், முனை பொருத்த அரை மணி நேரம். ஆனால் இதில் நேரும் தவறு கண்ணுக்குத் தெரியாத இடத்தில், நட்டுக்கு உள்ளே மறைந்திருக்கும். மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது அது வெளிப்படாது. முன்னே போகும் லோரி திடீரென நிற்கும்போதுதான் வெளிப்படும். மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் என்பதை நினைத்தால், இந்த வேலையைச் சரியாகத் தெரிந்துகொண்டு செய்வதன் அவசியம் புரியும்.

ரப்பர் குழாயும் பின்னல் குழாயும்

பிரேக் பிடியை அழுத்தும்போது மேலே உள்ள மாஸ்டர் பம்ப் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே சக்கரத்தின் அருகில் உள்ள கேலிப்பருக்குச் சென்று, பிரேக் பேட்டுகளை வட்டுத் தகட்டின் மீது அழுத்துகிறது.

தொழிற்சாலையில் பொருத்தி வரும் குழாய் பெரும்பாலும் ரப்பரால் ஆனது. நடுவில் நூல் பின்னல் இருக்கும். புதிதாக இருக்கும்போது அது நன்றாகவே வேலை செய்யும். வெயில், மழை, சூடு ஆகியவற்றால் ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் தளர்ந்து, அழுத்தும்போது சற்று உப்பும். பிடி தொளதொளவென்று இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். யமாஹாவின் பயனீட்டாளர் கையேடுகள் பிரேக் குழாயை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்றச் சொல்கின்றன. பத்து ஆண்டு பழைய குழாயோடு ஓடும் மோட்டார்கள் எத்தனையோ.

எஃகுப் பின்னல் குழாயின் உட்புறம் டெஃப்லான் எனப்படும் வழவழப்பான பிளாஸ்டிக் குழாய். அதன் மீது துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பின்னியிருப்பார்கள். அதற்கும் மேலே பல குழாய்களில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். மோட்டார் சைக்கிளுக்குப் பயன்படும் குழாயின் உள்துளை ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். எஃகுப் பின்னல் குழாயை உப்ப விடாததால், கையின் அழுத்தம் வீணாகாமல் கேலிப்பருக்குப் போய்ச் சேர்கிறது.

எதற்குப் பயன், எதற்குப் பயனில்லை

பின்னல் குழாய் மாட்டினால் பிரேக்கின் சக்தி கூடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் கூடுவது பிடியின் உறுதி மட்டுமே. எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்குத் தெளிவாகத் தெரியும். தேய்ந்த பேட்டையும் வழுக்கை டயரையும் எந்தக் குழாயும் ஈடுகட்டாது.

கேமரன் மலையிலிருந்தோ கெந்திங்கிலிருந்தோ இறங்கும்போது பிரேக் திடீரென்று பலமிழப்பதற்கும் பெரும்பாலும் குழாய் காரணமல்ல. தொடர்ந்து பிரேக் பிடிப்பதால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானத்தை இழக்கிறது, அல்லது எண்ணெய் கொதித்து ஆவிக் குமிழ்கள் உருவாகின்றன. டாட் 4 வகைப் பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்க வேண்டும் என்பது தரநிலை. ஈரம் கலந்த பிறகு அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நம்மைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த நாட்டில் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எனவே பிடி தொளதொளப்பாக இருந்தால் முதலில் எண்ணெயை மாற்றிப் பார்ப்பதே முறை. பலருக்கு அதோடு குறை தீர்ந்துவிடலாம்.

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற டிரம் பிரேக் வண்டிகளில் பிரேக் எண்ணெயே கிடையாது. கம்பியோ தண்டோதான் பிரேக்கை இழுக்கும். ஆகவே இந்தப் பேச்சு வட்டுப் பிரேக் வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும்.

முனைகளில் இரண்டு வகை

குழாயின் இரு முனைகளிலும் உலோக இணைப்பு வேண்டும். மோட்டார் சைக்கிளில் அது பெரும்பாலும் நடுவில் துளையுள்ள வட்ட வடிவில் இருக்கும். அதைப் பான்ஜோ என்பார்கள். துளையுள்ள போல்ட் ஒன்று அதன் வழியே சென்று எண்ணெய்க்கு வழிவிடும்.

இந்த முனையைக் குழாயோடு இணைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. முதலாவது, இயந்திரத்தால் உலோகத்தை நசுக்கிக் குழாயோடு நிரந்தரமாகப் பிணைப்பது. இதை வீட்டில் செய்ய முடியாது. இரண்டாவது, நட்டும் பித்தளை வளையமும் கொண்டு இறுக்கிப் பொருத்துவது. வீட்டில் செய்யக்கூடியது இதுதான்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது முக்கியம். அமெரிக்காவின் கூட்டரசு வாகனப் பாதுகாப்புத் தரநிலை 106, சாலை வாகனங்களின் எண்ணெய்ப் பிரேக் குழாய்களுக்கு நசுக்கிப் பிணைத்த நிரந்தர முனைகள் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழாய் 4,000 பிஎஸ்ஐ அழுத்தத்தை, அதாவது சுமார் 276 பாரை, இரண்டு நிமிடம் தாங்க வேண்டும். ஆட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் 35 மணி நேரம் வெடிக்காமல் இருக்க வேண்டும். குழாயின் மீது ‘டாட்’ என்று அச்சிட்டிருந்தால் உற்பத்தியாளர் அந்தத் தரநிலைக்கு உறுதி கூறுகிறார் என்று பொருள். வீட்டில் வெட்டிப் பொருத்திய குழாய் இந்தச் சோதனை எதையும் கடந்திருக்காது. குழாய்த் துண்டில் அந்த எழுத்துகள் இருந்தாலும், பொருத்திய முனைக்கு உறுதி கூறுபவர் பொருத்தியவர் மட்டுமே.

ஆகவே சாலையில் தினமும் ஓடும் வண்டிக்கு, நீளத்தைக் கொடுத்து நசுக்கு முனையோடு தயாராக வாங்கி, வீட்டில் மாட்டிக்கொள்வது நல்ல வழி. மாட்டும் அனுபவமும் கிடைக்கும், முனையைப் பற்றிய கவலையும் இருக்காது. தானே வெட்டிப் பொருத்த விரும்புவோர் பின்வரும் படிகளை ஒன்றுவிடாமல் பின்பற்ற வேண்டும்.

அளவெடுத்தல்

பழைய குழாயின் நீளத்தை மட்டும் நம்பக்கூடாது. ஹேண்டலோ முன் ஃபோர்க்கோ மாற்றப்பட்டிருந்தால் அந்த அளவு பொருந்தாது. மின்கம்பி ஒன்றை எடுத்து, குழாய் போக வேண்டிய பாதையில் வைத்து அளப்பது எளிது.

அப்போது முன் சக்கரம் தரையைத் தொடாமல் வண்டியைத் தூக்கி நிறுத்த வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போது வண்டியின் எடை ஃபோர்க்கை அமுக்கியிருக்கும். அந்த நிலையில் அளந்து வெட்டினால், சாலை மேட்டில் சக்கரம் எழும்பி இறங்கும்போது ஃபோர்க் முழுதாக நீண்டு குழாயை இழுக்கும். ஹேண்டலை இடப்பக்கமும் வலப்பக்கமும் கடைசி வரை திருப்பியும் பார்க்க வேண்டும். இந்த எல்லா நிலைகளிலும் குழாய் இறுகாமல் இருக்கும் நீளமே சரியான நீளம். அதற்காக அளவுக்கு மீறி நீளம் விட்டால், அது டயரிலோ சக்கரத்திலோ உரசும்.

வெட்டும் நீளம் வேறு, முழு நீளம் வேறு. முனைகளும் நீளத்தைக் கூட்டும். எடுத்துக்காட்டாக, ஒரு பான்ஜோ துளையின் மையத்திலிருந்து மற்றதன் மையம் வரை 900 மில்லிமீட்டர் தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முனையும் 25 மில்லிமீட்டர் கூட்டினால், குழாயை 850 மில்லிமீட்டரில் வெட்ட வேண்டும். முனை எவ்வளவு கூட்டும் என்பது அதனுடன் வரும் குறிப்புத் தாளில் இருக்கும்.

பான்ஜோ போல்ட்டின் மரை அளவையும் வாங்கும் முன் உறுதிசெய்ய வேண்டும். ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் போல்ட்டில் 1.25 மரை இருக்கும். பிரெம்போ கேலிப்பர்களிலும் பம்புகளிலும் 1.0 மரை வழக்கம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோல் இருக்கும். தவறானதைப் பலவந்தமாகத் திருகினால் கேலிப்பரின் மரையே கெட்டுவிடும்.

வெட்டுதல்

வெட்டும் இடத்தைச் சுற்றி டேப்பை மூன்று நான்கு சுற்று இறுக்கமாக ஒட்ட வேண்டும். டேப் இல்லாமல் வெட்டினால் எஃகு இழைகள் துடைப்பம்போல் விரிந்துவிடும். பிறகு அவற்றை நட்டுக்குள் நுழைக்கவே முடியாது.

அங்குலத்துக்கு 32 பற்கள் கொண்ட இரும்பறுக்கும் வாளால் டேப்பின் நடுவில், குழாய்க்குச் செங்குத்தாக அறுக்கலாம். மெல்லிய வெட்டுத் தட்டு பொருத்திய கிரைண்டரும் நன்றாக வெட்டும். சாதாரணக் குறட்டால் நறுக்கினால் டெஃப்லான் நசுங்கும். நசுங்கிய துண்டைப் பயன்படுத்தக்கூடாது. வேலை செய்யும்போது கண்ணாடியும் கையுறையும் அவசியம். எஃகு இழை ஒவ்வொன்றும் ஊசிபோல் விரலில் ஏறும்.

வெட்டிய பிறகு டெஃப்லானின் விளிம்பில் உள்ள பிசிறைக் கூரிய கத்தியால் மெதுவாக நீக்கி, குழாய்க்குள் காற்றை ஊதி, துகள்களை முழுதாக வெளியேற்ற வேண்டும். உள்ளே தங்கும் ஓர் எஃகுத் துகள் கேலிப்பரின் ரப்பர் வளையத்தைக் கீறப் போதும்.

முனையைப் பொருத்துதல்

வீட்டு வேலையில் தவறுகள் அதிகம் நேரும் கட்டம் இது.

முதலில் இரு முனைகளுக்கான நட்டுகளையும் குழாயில் நுழைத்துவிட வேண்டும். மரையுள்ள பக்கம் வெளியே பார்த்திருக்க வேண்டும். நட்டை மறந்துவிட்டு மற்றதைப் பொருத்துவது எல்லாருக்கும் ஒருமுறை நடக்கும். உறை போட்ட குழாயாக இருந்தால், நட் உட்காரும் தூரத்துக்கு உறையை நீக்க வேண்டுமா என்று குறிப்புத் தாளில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து டேப்பைக் கழற்றி, சிறிய திருப்புளியால் எஃகு இழைகளை டெஃப்லானிலிருந்து சற்று விலக்க வேண்டும். டெஃப்லானில் கீறல் விழக்கூடாது. இப்போது ஆலிவ் எனப்படும் சிறு பித்தளை வளையத்தை எடுத்து, டெஃப்லானுக்கு மேலே, எஃகுப் பின்னலுக்குக் கீழே நுழைக்க வேண்டும். வளையத்தின் உள்ளே ஒரு சிறு விளிம்பு இருக்கும். டெஃப்லானின் முனை அந்த விளிம்பைத் தொடும்வரை, மேசையின் மீது நேராக வைத்து அழுத்த வேண்டும்.

இங்கே ஒன்றைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். டெஃப்லானுக்கும் ஆலிவுக்கும் இடையில் ஓர் இழைகூடச் சிக்கியிருக்கக்கூடாது. தலைமுடி அளவுள்ள அந்த இழை ஓர் எண்ணெய் வழியாக மாறும். கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

பின்னர் பான்ஜோவின் கூம்பு முனையை டெஃப்லானுக்குள் ஒருமுறை தள்ளி எடுத்து, துளை வட்டமாக இருக்கிறதா, டெஃப்லான் சீவப்படாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எல்லாம் சரி என்றால், முனையில் ஒரு துளி பிரேக் எண்ணெய் தடவி முழுதாகத் தள்ளி, நட்டைக் கொண்டுவந்து கையால் திருக வேண்டும். கையால் இனி முடியாது என்ற நிலையில் ஸ்பானரால் இறுக்க வேண்டும். இறுக்கும்போது குழாய் முனையிலிருந்து பின்வாங்கினால் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். நட்டுக்கும் முனைக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளியைக் குறிப்புத் தாள் சொல்லும். பெரும்பாலும் அது 1 மில்லிமீட்டர் அளவில் இருக்கும்.

இரண்டாவது முனையை இறுக்கும் முன் இரு பான்ஜோக்களும் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதை வண்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். முறுக்கிய நிலையில் மாட்டிய குழாய் எப்போதும் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயன்று நட்டைத் தளர்த்தப் பார்க்கும். பிரித்த முனையைத் திரும்பப் பொருத்தினால் ஆலிவ் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை நசுங்கிய ஆலிவ் மறுமுறை அடைக்காது.

வண்டியில் மாட்டுதல்

பிரேக் எண்ணெய் சாயத்தைக் கரைக்கும். பெட்ரோல் தொட்டியையும் முன் மட்கார்டையும் ஈரத்துணியால் மூடிவிட்டுப் பழைய குழாயைக் கழற்ற வேண்டும். எண்ணெய் சிந்தினால் துடைப்பதோடு நில்லாமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும்.

ஒரு பான்ஜோவின் இரு பக்கங்களிலும் ஒவ்வொரு செம்பு அல்லது அலுமினிய வாஷர் வேண்டும். ஒரே போல்ட்டில் இரண்டு பான்ஜோக்கள் வந்தால் மூன்று வாஷர்கள். பழைய வாஷரைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கக்கூடாது. போல்ட்டை இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். ஹோண்டாவின் பல வண்டிகளுக்கு 34 நியூட்டன் மீட்டர். அலுமினிய போல்ட்டுகளுக்கு அளவு குறைவு. டார்க் ஸ்பானர் இல்லாதவர்கள் இந்த ஒரு வேலைக்காவது இரவல் வாங்குவது நல்லது. அளவுக்கு மீறி இறுக்கினால் துளையுள்ள அந்த போல்ட் முறியும்.

எஃகுப் பின்னல் தொட்டதை எல்லாம் அரம்போல் தேய்க்கும். மின்கம்பி, ஃபோர்க், பிளாஸ்டிக் உறை எதன் மீதும் குழாய் உரசாதபடி, பழைய குழாயைப் பிடித்திருந்த அதே பிடிப்புகளில் அதை மாட்ட வேண்டும். எங்கேயாவது கூர்மையாக மடிந்துவிட்டால் அந்தக் குழாயைத் தூக்கிப் போட வேண்டியதுதான். மடிந்த டெஃப்லான் பழைய நிலைக்குத் திரும்பாது.

காற்றை வெளியேற்றுதல்

புதிய குழாய் முழுதும் காற்றுதான் இருக்கும். எண்ணெய்க் கிண்ணத்தை நிரப்பி, கேலிப்பரின் வெளியேற்றும் திருகில் தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, அதன் மறுமுனையைச் சிறிது எண்ணெய் உள்ள போத்தலில் அமிழ்த்த வேண்டும். பிடியை அழுத்து, திருகைத் திற, திருகை மூடு, பிடியை விடு. இந்த வரிசை மாறக்கூடாது. குமிழ்கள் நின்ற பிறகும் சில முறை தொடர வேண்டும். கிண்ணம் ஒருபோதும் வற்றக்கூடாது. மேலே உள்ள பான்ஜோவில் காற்று தங்கிக்கொள்ளும் என்பதால் அதை மெதுவாகத் தட்டிவிட வேண்டும்.

கிண்ண மூடியில் எழுதியிருக்கும் வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும். டாட் 5 என்பது சிலிக்கோன் எண்ணெய். எண் கூடுதலாக இருக்கிறதே என்று அதை டாட் 4 வண்டியில் ஊற்றக்கூடாது. டாட் 5.1 வேறு, டாட் 5 வேறு.

சோதித்துப் பார்க்காமல் வேலை முடியாது

கையால் அழுத்தும் பிரேக்கில் எவ்வளவு அழுத்தம் உருவாகிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். 15 கிலோ எடைக்குச் சமமாகப் பிடியை அழுத்துகிறோம், பிடி அதை ஆறு மடங்காக்குகிறது, பம்பின் பிஸ்டன் 12.7 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது என்று கொண்டால், குழாய்க்குள் ஏறத்தாழ 70 பார் அழுத்தம் இருக்கும். இது கார் டயரின் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 30 மடங்கு. பயந்து பிடிக்கும் நேரத்தில் இது இன்னும் கூடும்.

எனவே சோதனையும் அந்த அளவுக்குக் கடுமையாக இருக்க வேண்டும். வண்டி நின்ற நிலையில் முழுப் பலத்தோடு பிடியை அழுத்தி, ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பிடி மெல்ல மெல்ல ஹேண்டலை நோக்கி இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது பம்பில் கோளாறு இருக்கிறது. இதைப் பத்து முறை செய்த பிறகு, பிடியை ஒரு பட்டையால் இறுக்கிக் கட்டி இரவு முழுதும் விட வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் வெள்ளைக் காகிதத் திசுவைச் சுற்றி வைத்தால், காலையில் ஒரு துளி கசிந்திருந்தாலும் தெரிந்துவிடும்.

கசிவு பான்ஜோ போல்ட்டில் என்றால் வாஷரைப் பார்க்க வேண்டும். நட்டின் பின்புறம், குழாய் நுழையும் இடத்தில் ஈரம் தெரிந்தால் ஆலிவ் சரியாக உட்காரவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடும் என்று நினைப்பது ஆபத்து. சரியாக உட்காராத முனை, அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது குழாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வரலாம். அப்போது பிடி ஒரே அழுத்தில் ஹேண்டலைத் தொட்டுவிடும், முன் பிரேக் இருக்காது. பிரித்து, புதிய ஆலிவ் போட்டு, மறுபடி தொடங்குவதே வழி.

சோதனையில் தேறிய பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவான வேகத்தில் ஓட்டிப் பார்க்கலாம். முதல் வாரம் தினமும் புறப்படும் முன் இணைப்புகளைத் தொட்டுப் பார்ப்பது நல்லது.

எப்போது இதைத் தவிர்க்க வேண்டும்?

ஏபிஎஸ் உள்ள வண்டிகளில் குழாய்களின் அமைப்பே வேறு. காற்றை வெளியேற்றச் சில வண்டிகளுக்குத் தனிக் கருவி தேவைப்படும். அதைப் பட்டறைக்கு விடுவதே சரி. கார்களில் குழாய், சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைவதால், அந்தக் காருக்கென்றே செய்யப்பட்ட குழாயை வாங்குவது பாதுகாப்பானது. வண்டிக்கு உத்தரவாதக் காலம் இருந்தால், மாற்றும் முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டும். காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுவிடுவது பின்னால் வரும் தொல்லையைக் குறைக்கும். சாலையில் ஓடும் வண்டியின் பிரேக் நல்ல நிலையில் இருக்க வேண்டியது சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு.

நம் வீடுகளில் ஒரு மோட்டாரை ஒருவர் மட்டும் ஓட்டுவதில்லை. காலையில் அண்ணன் வேலைக்கு எடுத்துப் போவார், மாலையில் தம்பி கடைக்கு எடுத்துப் போவார், அப்பா அவசரத்துக்குச் சாவியை எடுப்பார். பிரேக் குழாய் மாற்றப்பட்டது அவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். மாற்றிய தேதியை ஒரு சிறு சீட்டில் எழுதி இருக்கைக்கு அடியில் ஒட்டிவைத்து, வீட்டாரிடமும் சொல்லிவிட வேண்டும். பிடி வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் அந்த இடத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டுத் தொலைபேசியில் அழைக்கும்படி சொல்வதும் அந்த வேலையின் ஒரு பகுதிதான்.